அலாரம் வாங்கினால் ஊதிப் பாருங்கள்

கேள்வி: கட்டட வேலைக்குப் போகிறேன். கீழே விழுந்தால் வீட்டுக்குத் தகவல் அனுப்பும் வாட்ச் வாங்கிவிட்டால் பெல்ட் தேவையில்லைதானே? – மேலூர்

பதில்: நீங்கள் விழுந்த பிறகுதான் வாட்ச் சொல்லும். ஐஎஸ் 3521 (பாதுகாப்பு பெல்ட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள முழு உடல் பெல்ட்டை முதலில் வாங்குங்கள்.

கேள்வி: கிணறு தூர் வாரும் தொழில். சட்டையில் மாட்டும் வாயு அலாரத்தை 4,500 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். எங்கே வைத்தாலும் ஆக்சிஜன் 20.9 என்றே காட்டுகிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. – உசிலம்பட்டி

பதில்: அண்ணே, அதை நம்பி இறங்காதீர்கள். திறந்த வெளியில் 20.9 சரிதான். சென்சார் துளையைச் சுற்றிக் கையைக் குவித்து, மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். நாம் விடும் மூச்சில் ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுதான் இருக்கும். உயிருள்ள சென்சார் என்றால் எண் மளமளவென்று இறங்கும். பெரும்பாலான கருவிகள் 19.5-க்குக் கீழே போனதும் கத்தும். அசையவே இல்லையா, அது வெறும் டப்பா. இறங்கினாலும் சென்சார் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம், அளவு சரி என்று அல்ல.

எனக்கு ஆத்திரமே இங்கேதான். இந்தச் சென்சார் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் தேயும். தயாரான மாதத்தையும், அளவைச் சரிபார்த்ததற்கான சான்றிதழையும் கேட்டால் விற்பவர்கள் முழிக்கிறார்கள். மனிதன் உயிரை நம்பி மாட்டும் பொருள் இது! நல்ல கருவி கிடைத்தாலும் முதலில் அதைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்குங்கள். கார்பன் டை ஆக்சைடு கனமானது, கீழேதான் தங்கும்.

பில்லுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். ‘தொழிலுக்கு வாங்கியது, சட்டம் செல்லாது’ என்பார் விற்றவர். பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்தும் பொருளுக்கு 2019 நுகர்வோர் சட்டம் செல்லும். 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி: குனிந்தால் அதிரும் இடுப்புப் பட்டை 8 வாங்கினேன். பட்டறை ஆட்கள் இரண்டே வாரத்தில் கழற்றிவிட்டார்கள். – கப்பலூர்

பதில்: ஒன்றை வாங்கி ஒருவருக்குக் கட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? தகடு தரையில் கிடந்தால் குனியாமல் எப்படி எடுப்பார்கள்? இடுப்பு உயரத்துக்கு மேசை போடுங்கள். அப்புறம், யார் எத்தனை முறை குனிந்தார் என்ற பட்டையின் கணக்கு உங்கள் போனுக்கு வருகிறதா என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கணவர் மூட்டை தூக்குகிறார். பிரஷர் காட்டும் 1,200 ரூபாய் வாட்ச் வாங்கலாமா? – செல்லூர்

பதில்: வேண்டாம்மா. என் மச்சானுக்கு அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சந்தேகப்பட்டு, சுருட்டிய துண்டில் கட்டினேன். 118/76 என்று காட்டியது. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, கையில் சுற்றி அளக்கும் பிரஷர் மெஷின் வாங்குங்கள்.