மோல் என்றால் எண்ணிக்கையா, எடையா?

"பத்தாவது படிக்கும் மகளுக்கு மோல் எண்ணா, எடையா என்று குழப்பம், எப்படிச் சொல்லித் தருவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாலக்கோட்டுப் பக்கம் டியூஷன் எடுக்கும் நான் ராகியில்தான் தொடங்குவேன்.

மூட்டை ராகியில் எத்தனை மணி என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் 1000 மணியைப் பொறுமையாக எண்ணி நகைத் தராசில் வையுங்கள், ஏறக்குறைய இரண்டரை, மூன்று கிராம் நிற்கும். அது தெரிந்துவிட்டால் எந்த மூட்டையையும் எடை போட்டே எண்ணிவிடலாம். உங்கள் மகளையே எண்ணச் சொல்லுங்கள். கை வலித்தால்தான் மனதில் பதியும்.

அணுவுக்கும் இதே வழிதான். டஜன் என்றால் 12. மோல் என்றால் 6.022 × 10²³. ஆக, மோல் என்பது எண்ணிக்கை. ஒரு டஜன் மாம்பழமும் ஒரு டஜன் புளியங்கொட்டையும் ஒரே எடை இருக்காதல்லவா? அதுபோல ஒரு மோல் கார்பன் 12 கிராம், ஒரு மோல் சோடியம் 23 கிராம். தனிம வரிசை அட்டவணையில் உள்ள அணு நிறையைக் கிராமில் எடுத்தால் ஒரு மோல் வந்துவிடும். தண்ணீருக்கு 2 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன்: 2 + 16 = 18 கிராம். மூன்றரை டீஸ்பூன் தண்ணீர், அவ்வளவுதான்! அதற்குள் அத்தனை மூலக்கூறுகள்.

பிள்ளைகள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. "ஒரு மோல் ஆக்சிஜன்" என்றால் அணுவா, மூலக்கூறா என்று முதலில் கேட்கப் பழக்குங்கள். அணு என்றால் 16 கிராம், மூலக்கூறு என்றால் இரண்டு அணு சேர்ந்தது, அதனால் 32. மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

36 கிராம் தண்ணீர் எத்தனை மோல் என்று இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.