கொத்துகிற சேவல்

கேள்வி: எட்டு சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகள் வளர்க்கிறேன். சேவல் பேரனைத் துரத்தித் துரத்திக் கொத்துகிறது. அதன் குஞ்சிலேயே ஒன்றை அடுத்த சேவலாக விடலாமா?
- ஒட்டன்சத்திரம் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. அந்தக் குணம் குஞ்சுக்கும் இறங்கும். தாய், தங்கையோடு சேர்ந்தால் முட்டை பொரிப்பதும் குறையும். வேறு வீட்டுச் சேவலாகப் பாருங்கள், ஒரு வயது தாண்டியதாக. ஐந்து மாதத்தில் எல்லாமே சாதுதான்!

கையோடு கொஞ்சம் கம்பு கொண்டுபோய்த் தூவுங்கள். பெட்டைகளைக் கூப்பிட்டுத் தின்னவிட்டு ஒதுங்கி நிற்கிறதா, சரி. ஒரு இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு உங்களையே சுற்றி வந்தால் திரும்பிவிடுங்கள். நான் வாலழகில் மயங்கி ஒன்றை வாங்கிவிட்டு, ஆறு மாதம் கையில் முறத்தோடுதான் முட்டை எடுக்கப் போனேன்.