நோயாளியைப் பார்க்காத டாக்டரா?

மகள் மருத்துவம் முடித்துவிட்டுத் தோல் நோயியல் (வெட்டி எடுத்த தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டறியும் துறை) பக்கம் போகிறேன் என்கிறாள், "நாள் முழுக்க மைக்ராஸ்கோப்தானா, நோயாளியே வேண்டாமா" என்று கவலைப்படுகிறீர்கள். அந்த வேலை எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன் அம்மா.

கண் இமையில் சின்னக் கட்டி. சாதாரண நீர்க்கட்டி என்று நினைத்து வெட்டி அனுப்புகிறார்கள். ஸ்லைடில் பார்த்தால், வெளிர்நீலக் குழம்பாக மியூசின் என்ற வழுவழுப்பான பொருள் தேங்கி நிற்கிறது. நடுவே புற்று செல்கள் திட்டுத்திட்டாக மிதக்கின்றன. மியூசினஸ் கார்சினோமா, அதாவது மியூசின் சுரக்கும் புற்றுநோய், அரிதான ஒன்று. இது தோலிலேயே பிறந்ததா, மார்பகத்திலோ குடலிலோ இருந்து வந்து ஒட்டியதா? தோலில் பிறந்தது என்றால் பெரும்பாலும் சுற்றிலும் கொஞ்சம் விட்டு வெட்டி எடுத்து, தொடர்ந்து கண்காணிப்பார்கள். பரவி வந்தது என்றால் கதையே வேறு.

குடலை ஓரளவு பிரித்துவிடலாம்: அங்கிருந்து வந்தது பெரும்பாலும் சிகே20 சாயத்தை (அந்தப் பெயருள்ள புரதத்தைக் காட்டும் சாயம்) ஏற்கும், தோலில் பிறந்தது பொதுவாக ஏற்காது. மார்பகம்தான் தலைவலி. அங்கிருந்து வந்ததும் தோலில் பிறந்ததும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்களான ஹார்மோன் ஏற்பிகள்கூட இரண்டிலும் வரும். பி63 சாயம் போட்டு, ஏதாவது ஒரு திட்டின் விளிம்பில் மயோஎபிதீலியல் செல் வரிசை (சுரப்பியைச் சுற்றி வேலிபோல் நிற்கும் செல்கள்) தெரிகிறதா என்று தேடுவார்கள். தெரிந்தால் தோலிலேயே பிறந்தது என்று சொல்லத் தைரியம் வரும். தெரியாவிட்டால் ஸ்லைடை எத்தனை முறை திருப்பிப் பார்த்தும் பயனில்லை. சிகிச்சை தரும் டாக்டருக்குப் போன் போட்டு, மார்பகப் பரிசோதனையும் ஸ்கேனும் கேட்க வேண்டும். நோயாளி எதிரில் இல்லை, அவ்வளவுதான்.

எல்லா மியூசினும் இப்படிக் குளமாகத் தெரியாது. சில நோய்களில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளுக்கு நடுவே வெறும் இடைவெளி போலத்தான் இருக்கும். ஆல்சியன் ப்ளூ என்ற சாயம் போட்டால்தான் நீலம் எழும். அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிற புத்தி உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

பாதை இரண்டு. பொது நோயியலோ தோல் மருத்துவமோ முடித்து, அப்புறம் தோல் நோயியலில் தனிப் பயிற்சி. மார்பகம், குடல் எல்லாம் கைவசம் இருக்க வேண்டும் என்பதால் நான் நோயியல் வழியைத்தான் சொல்வேன். நோயாளிகளையும் பார்க்க ஆசை என்றால் தோல் மருத்துவம் வழியாக வரட்டும். கம்ப்யூட்டர் இந்த வேலையைப் பறிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். அரிய நோய்களில் அது கற்றுக்கொள்ளவே ஸ்லைடுகள் குறைவு, இப்போதைக்கு அந்தப் பயம் வேண்டாம்.

முடிவெடுக்கும் முன், ஒரு நோயியல் துறையில் அனுமதி கேட்டு, ரிப்போர்ட் எழுதும் நேரத்தில் சில வாரம் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பத்தாவது ஸ்லைடிலேயே போனை எடுத்தால், வேறு துறை பேசலாம்.