ஒரு கிணறு, ரெண்டு மோட்டார்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிற போக்கில் "உலகத்திலேயே பெரிய காஸ் வயல் கத்தார் கடலுக்கு அடியில் இருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மதுரைப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள் என்பது எழுதும்போது ஞாபகம் வரவில்லை. வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான், அதிலும் பாதி என்னைத் திருத்தி. அதனால் இந்த முறை முழுக்க காஸ். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

என் தம்பி பத்து வருஷமாக கத்தாரில், ராஸ் லஃபானில் பைப் ஃபிட்டராக இருக்கிறான். நீங்கள் எழுதியது பாதிதான் சரி, அந்த வயலில் ஈரானுக்கும் பங்கு உண்டு என்கிறான். அப்படியா அண்ணே?
- வாசகர், மேலூர்

உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. கத்தார்க்காரர்கள் 'வடக்கு வயல்' என்பதும் ஈரான்காரர்கள் 'தெற்கு பார்ஸ்' என்பதும் ஒன்றேதான், அவரவர் வீட்டு வாசலில் நின்று பார்த்து வைத்த பெயர். பாரசீக வளைகுடாவுக்கு அடியில் மொத்தம் சுமார் 9,700 சதுர கிலோமீட்டர். அதில் கத்தார் பக்கம் 6,000, ஈரான் பக்கம் 3,700. ஈரானின் பங்கு மட்டுமே நம்ம மதுரை மாவட்டம் அளவு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் அங்கே பெரிய ஆழமில்லை, 65 மீட்டர் பக்கம்தான், மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தை இறக்கினால் கலசம் முங்கும், அவ்வளவுதான். ஆனால் காஸ் இருக்கிற சுண்ணாம்புப் பாறை அந்தக் கடல்தரைக்கும் கீழே கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டரில்.

1971-இல் ஷெல் கம்பெனி எண்ணெய் கிடைக்கும் என்று துளை போட்டது, வந்தது காஸ். அன்றைக்கு அது ஏமாற்றமான செய்தி, ஏனென்றால் காஸை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் ஈரான் பக்கத்தை ஈரானியர்கள் கண்டுபிடித்தது 1990-இல்தான்.

ஒரே வயல் என்றால் வரப்புத் தகராறு வராதா? யார் அதிகம் எடுக்கிறார்கள்?
- வாசகர், சோழவந்தான்

வரப்பு 1969-லேயே போட்டாகிவிட்டது. இரண்டு நாடும் கடல் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டபோது கீழே இப்படி ஒன்று கிடக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் அவ்வளவு சுலபமாகக் கையெழுத்து விழுந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

ஆனால் சோழவந்தான்காரருக்கு நான் சொல்லவா வேண்டும், வரப்பு மேலேதான், கீழே ஊற்றுக்கு வரப்பு கிடையாது. அடுத்தடுத்த தோட்டத்தில் ரெண்டு போர் இருந்தால் பெரிய மோட்டார் போட்டவர் பக்கம் தண்ணி போகும், மற்றவர் விடிகாலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குழாயில் காற்று வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காஸும் அழுத்தம் குறைகிற பக்கம் நகரும். ஆகவே பேச்சில் சகோதர நாடு, கடலுக்கு அடியில் போட்டி.

கத்தார் 1991 வாக்கிலேயே எடுக்கத் தொடங்கிவிட்டது. ஈரான் எட்டு வருஷம் ஈராக்கோடு சண்டை போட்டு முடித்து, பணம் தேடி, பிரான்ஸின் டோட்டல் கம்பெனியைப் பிடித்து, 2002-இல்தான் தெற்கு பார்ஸிலிருந்து முதல் காஸைக் கண்டது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2005-இல் கத்தார் "பாறை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும், புதிய திட்டம் வேண்டாம்" என்று தானே மோட்டாரை ஏற்றாமல் நிறுத்தி வைத்தது, பன்னிரண்டு வருஷம். அந்தக் காலத்தில் ஈரான் ஒவ்வொரு கட்டமாகக் கடலில் காஸ் எடுக்கிற பிளாட்ஃபாரம் இறக்கிக்கொண்டே வந்தது (மொத்தம் 24 கட்டம் அவர்கள் திட்டம்). 2017 ஏப்ரலில் கத்தார் தடையை எடுத்தது. ஆண்டுக்கு 7.7 கோடி டன்னாக இருந்த திரவ எரிவாயு (குளிர வைத்துத் திரவமாக்கிய காஸ்) தயாரிக்கும் திறனை 2030-க்குள் 14.2 கோடி டன்னாக்கப் போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

அதே 2017 ஜூனில் சவுதி, ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து நான்கும் சேர்ந்து கத்தாரை ஒதுக்கி வைத்தன இல்லையா, விமானம் கிடையாது, தரைவழி கிடையாது. ஆனால் கத்தாரிலிருந்து எமிரேட்ஸுக்குக் கடலடியில் போகிற டால்ஃபின் குழாயில் காஸ் ஒரு நாளும் நிற்கவில்லை. ஊர்விலக்கம் செய்தவன் வீட்டு ஏசி, விலக்கப்பட்டவன் கொடுத்த காஸில் ஓடியது.

14.2 என்றால் எனக்கு சிலிண்டர் எடைதான் தெரியும். அடுப்பில் எரிகிற காஸ் இதுதானா?
- வாசகி, உசிலம்பட்டி

இல்லை தாயி. உங்கள் 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும், கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும். நாம் இங்கே பேசுவது பெரும்பாலும் மீத்தேன், அவ்வளவு லேசில் பணியாது. சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். மீத்தேன் லேசு, மேலே போய்விடும். இரண்டுக்கும் தானாக வாசனை கிடையாது, அந்த அழுகல் நாற்றம் நமக்காகச் சேர்த்தது. ஆனால் நீங்கள் கேட்டதில் ஒரு உண்மை இருக்கிறது, நம் நாட்டு சிலிண்டர் காஸிலும் பாதிக்கு மேல் இறக்குமதிதான், பெரும்பகுதி அதே வளைகுடாவிலிருந்து.

ஈரானிடம் அவ்வளவு காஸ் இருந்தும் அது ஏன் கத்தார் மாதிரி பணக்கார நாடாகவில்லை?
- கல்லூரி மாணவி, மதுரை

இதற்கு விடை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்கிறது. விடியற்காலையில் மொட்டாகப் பறித்த மல்லி சாயங்காலத்துக்குள் விரிந்துவிடும், அதற்குள் அது ஒரு தலைக்குப் போய்ச் சேர வேண்டும். துபாய்க்குப் போக வேண்டிய பூவுக்குத் தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் விமானமும் வேண்டும். ரேட் விழுந்தால் செண்ட் ஃபேக்டரிக்காரன் சொன்ன விலை. தோட்டம் யாருடையது என்பதல்ல, பெட்டி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

காஸும் அப்படித்தான். எண்ணெயைப் போல டிரம்மில் பிடித்து வைக்க முடியாது. குழாய் போட வேண்டும், அல்லது மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்துத் திரவமாக்க வேண்டும், அப்போது 600 பங்கு இடம் பிடித்தது ஒரு பங்குக்குள் சுருங்கும், அதை ஃபிளாஸ்க் மாதிரியான கப்பலில் ஏற்றலாம். அந்த ஆலையும் கப்பலும்தான் கத்தாரின் தெர்மோகோல் பெட்டி. சுலபமாகக் கிடைக்கவில்லை. 1992-இல் பங்காளியாக இருந்த பி.பி. கம்பெனி நம்பிக்கையில்லாமல் விலகிப் போனது, மொபில் உள்ளே வந்தது. ஜப்பானின் சூபு மின்சாரக் கம்பெனி வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டது, அந்தக் கையெழுத்தை வைத்துக் கடன் வாங்கி ஆலை கட்டினார்கள். 1996 டிசம்பரில் முதல் கப்பல் ஜப்பானுக்குக் கிளம்பியது. பத்தே வருஷத்தில் திரவ எரிவாயு ஏற்றுமதியில் உலகத்தில் முதலிடம். வாங்குகிறவனை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் கடை கட்டிய கதை.

ஈரானுக்கு அந்தப் பெட்டியே கிடைக்கவில்லை. திரவமாக்கும் தொழில்நுட்பம் மேற்கு நாடுகள் கையில், தடைகள் வந்ததும் ஈரான் கரையில் தோம்பக்கில் கட்டிக்கொண்டிருந்த திரவமாக்கும் ஆலை பாதியில் நின்றது. தெற்கு பார்ஸின் 11-ஆம் கட்டத்துக்கு வந்த டோட்டல் 2018-இல் அமெரிக்கத் தடைக்குப் பயந்து போனது, சீனக் கம்பெனி 2019-இல் போனது, கடைசியில் ஈரானின் சொந்தக் கம்பெனிதான் 2023-இல் காஸ் எடுத்தது.

அதற்காக ஈரானைச் சின்ன ஆள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா, ரஷ்யாவுக்கு அடுத்து உலகத்தில் அதிகம் காஸ் எடுக்கிற நாடு அதுதான், கத்தாரைவிட அதிகம். ஆனால் எடுப்பதில் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே எரிக்கிறது: அடுப்பு, ஹீட்டர், மின்நிலையம், கார், பழைய எண்ணெய்க் கிணறுகளில் அழுத்தம் ஏற்றத் திரும்ப உள்ளே அனுப்புவது. மிச்சம் குழாய் வழியாகத் துருக்கிக்கும் ஈராக்குக்கும். விலை கிட்டத்தட்ட சும்மா என்பதால் யாரும் சிக்கனம் பார்ப்பதில்லை, 2024 டிசம்பரில் குளிர் கூடியபோது காஸ் பற்றாமல் பள்ளிக்கூடத்தையும் அலுவலகத்தையும் மூடினார்கள். உலகத்தில் இரண்டாவது பெரிய காஸ் இருப்பை வைத்துக்கொண்டு! போதாக்குறைக்கு 2025 ஜூனில் இஸ்ரேல் தாக்கியதில் தெற்கு பார்ஸின் ஒரு ஆலையில் தீப்பிடித்தது.

இந்தக் காஸில் இந்தியாவுக்குப் பங்கு வாங்க யாருக்கும் தோன்றவில்லையா?
- வாசகர், திருமங்கலம்

தோன்றியது. ஈரான் கடலில் ஃபர்சாத்-பி என்ற வயலை 2008-இல் கண்டுபிடித்ததே நம்ம அரசு எண்ணெய்க் கம்பெனி ஓ.என்.ஜி.சி. விதேஷ் தலைமையிலான குழுதான். பேசினார்கள், பேசினார்கள், 2021-இல் ஈரான் அதைத் தன் கம்பெனிக்கே கொடுத்துவிட்டது. பாகிஸ்தான் வழியாகக் குழாய் போடுகிற திட்டமும் காகிதத்தோடு சரி.

கத்தாரோடு நடந்தது வேறு. நம்ம நாட்டு பெட்ரோநெட் கம்பெனி 1999-இல் ஒப்பந்தம் போட்டு, 2004-இல் குஜராத்தின் தாஹேஜுக்கு முதல் கப்பல் வந்தது. ஆண்டுக்கு 75 லட்சம் டன் வரை போனது. ஒப்பந்தப்படி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் காசு கொடுக்க வேண்டும். 2015-இல் வெளியே விலை விழுந்ததும் நம் ஆட்கள் குறைவாக எடுத்தார்கள், 12,000 கோடி ரூபாய் அபராதம் தலைக்கு மேல் நின்றது. கத்தார் அதைத் தள்ளுபடி செய்து விலையையும் ஏறக்குறையப் பாதியாக்கியது. தயவு என்று சொல்ல மாட்டேன், நல்ல வியாபாரி வாடிக்கையாளரை விடமாட்டான். அந்த வாடிக்கையாளர்தான் 2024-இல் இன்னும் இருபது வருஷத்துக்கு, 2048 வரைக்கும் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு ரெண்டு ஏக்கர் நெல். கத்தார் காஸால் எனக்கு என்ன ஆகப்போகிறது?
- விவசாயி, வாடிப்பட்டி

உங்களுக்குத்தான் ஐயா ஆகப்போகிறது. அந்த 45 கிலோ யூரியா மூட்டை, வேறு உருவத்தில் இருக்கிற காஸ்தான். மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா, அதிலிருந்து யூரியா. நம் நாட்டு உர ஆலைகள் பலவற்றுக்கு இறக்குமதிக் காஸ்தான் மூலப்பொருள். காஸ் விலை ஏறினால் உங்கள் மூட்டை விலை ஏறாது, மானியம் ஏறும், அதை வேறு வழியில் எல்லாரும் கட்டுவோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. மெஷினைக் குளிர வைக்கிற ஹீலியத்திலும் உலக உற்பத்தியில் கால் பங்குக்கு மேல் இதே வயலிலிருந்து பிரித்தெடுத்ததுதான்.

ராமநாதபுரத்தில் காஸ் இருக்கிறது என்கிறார்களே, நமக்கு எதற்குக் கத்தார்?
- வாசகர், பரமக்குடி

இருக்கிறது, வழுதூர் மின்நிலையமே அந்தக் காஸில் ஓடுவதுதான். 2021 பிப்ரவரியில் ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குக் குழாய் திறந்தார்கள், அங்குள்ள உர ஆலை நாப்தாவை (கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கிற திரவம்) விட்டு காஸுக்கு மாறியது. நல்ல விஷயம். ஆனால் கண்மாயையும் வைகை அணையையும் ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது.

ஹோர்முஸ் நீரிணையை அடைத்தால் என்ன ஆகும்?
- போட்டித் தேர்வு எழுதும் மாணவர், மதுரை

பாரசீக வளைகுடாவிலிருந்து வெளிக்கடலுக்குப் போகிற குறுகலான வாசல் அது. 2024 கணக்குப்படி உலகத்தில் கப்பலில் போன திரவ எரிவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போனது, கத்தாருக்கு வேறு வாசல் கிடையாது. சவுதிக்காவது எண்ணெயைச் செங்கடலுக்குக் கொண்டுபோகக் குழாய் உண்டு. தேர்வில் கேட்டால் இதை எழுதுங்கள், ஒரு பக்கம் ஈரான், எதிர்ப்பக்கம் ஓமன் என்பதையும் சேர்த்து.

எண்ணூரிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குக் காஸ் குழாய் வருகிறதாமே, உங்கள் தெருவுக்கு வந்துவிட்டதா?
- வாசகி, திருப்பரங்குன்றம்

குழி வந்துவிட்டது. மூன்று மாதமாக அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறேன்.