பதில்: தாராவிப் பெண்ணான எனக்கு நீலாம்பரியை ஏன் பிடிக்கிறது?

‘படையப்பா’ (1999) படத்தின் வில்லி நீலாம்பரிக்குக் கைதட்டியதால் புத்தி கெட்டுவிட்டதோ என்று கேட்கிறீர்கள். கெட்டுவிடவில்லை. அவளுடைய கொடுமை அல்ல, அவள் யாரிடமும் குழைவதில்லை என்பதுதான் உங்களை இழுக்கிறது. நாள் முழுக்க ‘ஜி, ஜி’ என்று பணிந்து பேசிய வாய்க்கு அது பெரிய ஆறுதல். மும்பை மாட்டுங்காவில் வீட்டுவேலை செய்த என் அம்மாவுக்கு எந்த வீட்டிலும் நாற்காலி கிடைத்ததில்லை. நீலாம்பரி கால்மேல் கால் போட்டு உட்காரும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

மறுபடி பாருங்கள். அவள் பணிய மறுக்கும்போது நிமிர்கிறீர்களா, வேலைக்காரி வசுந்தராவை இழிவாக நடத்தும்போதா? முதலாவது என்றால் கவலை வேண்டாம்.

ஒன்று மட்டும்: அவள் பணக்கார வீட்டுப் பெண். அங்கே நாம் வசுந்தராவின் இடத்தில்தான் நின்றிருப்போம். இதை அம்மாவிடம் சொன்னேன். “அது தெரியாதா எனக்கு?” என்றார்.