பச்சையாக நின்ற செடியின் விதை நோயைத் தாங்குமா?

திண்டிவனம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சொந்த விதை எடுத்து வைத்துத்தான் மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிறேன். பழைய கொத்து ரகம். இந்த முறை அறுவடைக்கு முன்பே இலையெல்லாம் புள்ளி விழுந்து கொட்டிவிட்டது. நடுவில் நாலைந்து செடிகள் மட்டும் பச்சையாக நின்றன. அந்த விதையைப் பெருக்கினால் நோய் தாங்குமா? இல்லை, விதையே பழசாகிவிட்டதா?"

முதலில் விதையைக் குறை சொல்ல வேண்டாம். இலையில் புள்ளி விழுந்து கொட்ட வைப்பவை துரு, இலைப்புள்ளி என்ற இரண்டு பூசண நோய்கள். துருநோயைப் பரப்பும் பூசண வித்துகள் காற்றில் வருபவை. தானாக முளைத்து நிற்கும் கடலைச் செடிகளில் உயிர் பிழைத்து, அங்கிருந்து பரவும். இலைப்புள்ளிப் பூசணம் போன பயிரின் சருகில் தங்கும். உங்கள் விதை நோயைச் சுமந்து வரவில்லை. நோயை எதிர்க்கும் மரபணு அதில் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை, அவ்வளவுதான்.

கடலைப் பூ விரியும்போதே உள்ளே மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் முடிந்துவிடும். அயல் மகரந்தம் புகுவது அபூர்வம். அதனால் ஒரு ரகத்தின் செடிகள் எல்லாம் மரபில் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரே மாதிரியான செடிகளுக்குள் நல்லதைப் பொறுக்கினாலும் அடுத்த தலைமுறை அதே செடிதான். உயரம், பச்சை, காய் எண்ணிக்கை என்று கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் மண்ணாலும் ஈரத்தாலும் வந்தது, விதையோடு போகாது.

அப்படியானால் அவை ஏன் பச்சையாக நின்றன? பிடுங்கிப் பார்த்தீர்களா? காய் குறைவாகப் பிடித்த செடி இலையைக் கொட்டாமல் வைத்திருக்கும்; பருப்புக்குப் போக வேண்டிய சத்து இலையிலேயே தங்கிவிடும். தாமதமாக முளைத்ததும், வேறு நீண்ட நாள் ரகம் கலந்ததும் அப்படித்தான் நிற்கும். காயை உடைத்து ஓட்டின் உட்புறம் பாருங்கள். கருத்திருந்தால் முற்றியது, வெளுத்திருந்தால் இன்னும் முற்றவில்லை. பக்கத்துச் செடி அளவுக்குக் காய் பிடித்து, உள் ஓடும் கருத்து, இலையும் நின்றிருந்தால் மட்டும் அந்தச் செடியை மதிக்கலாம்.

அப்படி ஒன்று இருந்தால் அதன் விதையைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த பட்டத்தில் ஒரு செடியின் விதைக்கு ஒரு வரிசை, பக்கத்திலேயே உங்கள் பழைய விதைக்கு ஒரு வரிசை. இரண்டுக்கும் மருந்து வேண்டாம். அந்த வரிசை முழுக்கத் தாங்கினால் அது கலந்து வந்த வேறு ரகம், பெருக்கலாம். பொறுக்கி எடுப்பது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான். ஆனால் நோய் எதிர்ப்புச் சோதனைகளில் 'சீக்கிரம் நோய் பிடிக்கும் ரகம்' என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்றும் நடுவதும் அதே டி.எம்.வி. 2 தான்! கூட்டத்தில் இல்லாத குணத்தைப் பொறுக்கி எடுக்க முடியாது.

அந்தக் குணம் வெளியிலிருந்து வந்தது. நாம் பயிரிடும் கடலை, தென் அமெரிக்காவின் இரண்டு காட்டுக் கடலைகள் சேர்ந்து குரோமோசோம் இரட்டித்து உருவானது. இரட்டித்த பிறகு காட்டு உறவுகளோடு எளிதில் கலக்க முடியாமல் போனதால், அதன் மரபு வளம் குறுகிவிட்டது. 1960-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில், பொலிவியாவில் சேகரித்த 'கார்டினாசி' என்ற காட்டுக் கடலையைப் பயிர்க் கடலையோடு கலந்தார்கள். அந்த வழிவந்த விதைகள் ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தன. கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் அந்த வம்சத்திலிருந்து உருவாக்கிய ரகம்தான் ஜி.பி.பி.டி. 4. காட்டுச் செடியிடம் எதிர்ப்போடு கெட்டி ஓடும் தாமத முதிர்ச்சியும் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழித்துக் கட்டியதுதான் பெரிய வேலை. பிறகு துருநோய் எதிர்ப்பு பெரும்பாலும் ஒரே குரோமோசோம் பகுதியில் இருப்பது தெரிந்து, டி.என்.ஏ. அடையாளம் பார்த்தே அதை ஜே.எல். 24 போன்ற ரகங்களுக்கு மாற்றினார்கள்.

எதிர்ப்பு ரகம் போட்டாலும் புள்ளியே வராது என்று எதிர்பார்க்காதீர்கள். புள்ளி வரும், ஆனால் தாமதமாக, குறைவாக. இலை கடைசிவரை நிற்கும், பருப்பு சுருங்காது. விதை வாங்கும்போது 'நோய் தாங்குமா' என்று பொதுவாகக் கேட்காமல், துருவுக்கா, பின்பருவ இலைப்புள்ளிக்கா, இரண்டுக்குமா என்று கேளுங்கள். சில ரகங்கள் ஒன்றை மட்டும்தான் தாங்கும்.

கையில் இருக்கும் பழைய விதையையே போடுவதானால், 35-ஆம் நாளிலிருந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஆரஞ்சுக் கொப்புளம், தேய்த்தால் விரலில் பொடி ஒட்டினால் துரு. அடிப்பக்கம் கரிய புள்ளி என்றால் பின்பருவ இலைப்புள்ளி. இரண்டுக்கும் லிட்டருக்கு 2 கிராம் குளோரோதலோனில் அல்லது மேன்கோசெப், தேவைப்பட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. அப்புறம், கடையில் கார்பென்டாசிம் மட்டும் தந்தால் வாங்க வேண்டாம். இலைப்புள்ளிக்குக் கொடுப்பார்கள், துருவை அது ஒன்றும் செய்யாது.