எப்போதும், அடிக்கடி, சில நேரம்

அன்புள்ள ஐயா,

நான் ஈரோட்டில் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் அண்ணனுக்கு 24 வயது. ஐந்து வயதில் ஆட்டிசம் என்று கண்டுபிடித்தார்கள். பேச மாட்டான். 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்றுதான் படிவங்களில் எழுதுவோம். எங்களுக்கு அவன் இன்னும் குழந்தைதான்.

ஆய்வேட்டுக்கு 'ஆட்டிசம் குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஏற்படும் மன அழுத்தம்' என்ற தலைப்பை வழிகாட்டிப் பேராசிரியர் கொடுத்திருக்கிறார். 60 தாய்மார்கள், 40 கேள்விகள். இதற்குத் தமிழில் என்ன நூல்கள் படிக்கலாம்? சொந்த வீட்டிலேயே இருப்பதால் என் ஆய்வு சார்புடையதாகிவிடுமா? தடுப்பூசியால் வருகிறது, செல்போனால் வருகிறது என்று வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள், அது உண்மையா? அம்மாவோ, "நம்ம வீட்டுக் கதையை ஏன் காகிதத்தில் ஏத்தறே, உனக்கு வரன் பார்க்கணும்" என்கிறார். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் அக்காவோடு போனில் பேசியிருந்தேன். அக்கா மகனுக்கு இந்த ஐப்பசியோடு 33 வயது முடிகிறது. அவனுக்கும் ஆட்டிசம். எனவே இந்தப் பதில் நீங்கள் கேட்ட அளவோடு நிற்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தடுப்பூசிப் பேச்சு 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் அதே ஆண்டு ரத்தானது. சமூகப்பணி படிக்கிற ஒருவர் இதை இன்னொரு தரம் கேட்கக் கூடாது. செல்போன் பற்றி உங்கள் அம்மாவிடமே கேளுங்கள், அண்ணன் பிறந்தபோது வீட்டில் எத்தனை செல்போன் இருந்தது என்று.

சார்பு பற்றிய பயம் வேண்டாம். இந்தத் துறையைக் கட்டியவர்களில் பலர் வீட்டுக்காரர்கள்தான். லண்டனில் லோர்னா விங் மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் தாய். 1962இல் பிரிட்டனில் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கத்தில் அவரும் ஒருவர். குளிர்ந்த மனமுள்ள தாயால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1964இல் அதை மறுத்துப் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட் அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா. டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கிய மெரி பரூவாவும் ஒரு தாய்தான். வீட்டில் இருந்ததால் இவர்களுக்குக் கண் மங்கவில்லை, கூடுதலாகத்தான் தெரிந்தது.

நூல் பட்டியல் இப்போது தரப்போவதில்லை. உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுத் தருகிறேன்.

24 வயது ஆளை எதற்குக் குழந்தை என்று எழுதுகிறீர்கள்? அன்பில் சொல்கிறீர்கள், தெரியும். என் அக்காவும் சொல்வாள். ஆனால் குழந்தை என்று சொன்ன உடனே அவரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. இன்றைக்கு என்ன சட்டை, எங்கே போகலாம், யார் வந்தால் பிடிக்கும், யார் தொட்டால் பிடிக்காது என்று ஒரு பெரிய மனிதரிடம் கேட்கிற எதையும் கேட்பதில்லை. தாடி வளர்ந்தவருக்கு யானைப் படம் போட்ட பனியன் வாங்கிப் போடுகிறோம்.

அப்புறம் அந்தப் பெயர். 'புற உலகச் சிந்தனையற்ற' என்று அரசுப் படிவத்தில் இருக்கிறது, சரி. நீங்கள் ஏன் அதை யோசிக்காமல் கடிதத்தில் எடுத்தெழுதுகிறீர்கள்? ஆட்டிசம் என்ற சொல்லே 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் ஆய்கன் புளூலர் 1911இல் அதைப் பயன்படுத்தியது மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி. உலகத்தை விட்டுத் தனக்குள்ளேயே போய்விட்டவர்கள் என்ற பொருளில். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதும்போது அதே சொல்லை எடுத்துக்கொண்டார். நாம் அதைத் தமிழாக்கும்போது இன்னும் அழுத்திக் கட்டிவிட்டோம். வெளியே நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

அக்கா வீட்டில் மிக்ஸி ஓடினால் அவள் மகனால் தாங்க முடியாது. இப்போதெல்லாம் அவள் ஜாரை எடுத்து மேடையில் வைத்தாலே போதும், சத்தம் வருவதற்கு முன்பே மொட்டைமாடிக்குப் போய்விடுவான். தேங்காய் கீறுகிற சத்தம் கேட்டாலே சில நாள் கிளம்பிவிடுவான். சட்னி தாளிக்கிற வாசனை மேலே எட்டியதும் தானாக இறங்கி வருவான். அடுப்படியில் அடுத்து நடக்கப்போவதைக் கூடத்தில் இருந்தபடி தெரிந்துகொள்கிறவனைப் புற உலகச் சிந்தனை இல்லாதவன் என்று எப்படி எழுதுவது? உலகம் அளவுக்கு மேல் உள்ளே வருகிறது, அதுதான் அவன் கஷ்டம்.

சரி, உங்கள் 40 கேள்விகளுக்கு வருகிறேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். ஒரு கல்லூரியிலிருந்து ஒரு பெண் ஆய்வுக்கு வந்தார். உங்கள் வயதுதான் இருக்கும், நல்ல பெண். பரீட்சை அட்டையில் தாள்களைச் செருகிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து அக்காவிடம் கேட்டார். நானும் இருந்தேன். "இந்தக் குழந்தையை வெளியே கூட்டிப் போக வெட்கமாக இருக்கிறதா? எப்போதும், அடிக்கடி, சில நேரம், அரிதாக, ஒருபோதும் இல்லை." "இவன் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியதுண்டா? எப்போதும், அடிக்கடி, சில நேரம், அரிதாக, ஒருபோதும் இல்லை." ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகளையும் படித்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னாள். அவன் எங்கே இருந்தான் என்று கேளுங்கள். நாலடி தள்ளி, தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தான். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அவன் இருப்பது நினைப்பில் இல்லை. நானும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அவனை வெளியே கூட்டிப் போயிருக்கலாம், அல்லது அந்தப் பெண்ணை நிறுத்தியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. இன்றுவரை அது என் மனதில் உறுத்துகிறது.

அன்று ராத்திரி படுத்தபிறகு இருட்டில் அவன் குரல் வந்தது. "எப்போதும். அடிக்கடி. சில நேரம். அரிதாக. ஒருபோதும் இல்லை." அந்தப் பெண்ணின் குரல் அப்படியே. 'ஒருபோதும் இல்லை'யில் குரல் இறங்குவதுகூட மாறவில்லை. அவன் சொந்தமாகப் பேசுவது மிகக் குறைவு, கேட்டதைத் திருப்பிச் சொல்வான். ஒரு வாரம் சொன்னான், நின்றுவிட்டது. சில மாதம் கழித்து வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது மறுபடி தொடங்கினான். பிறகு பல் மருத்துவரின் வரவேற்பறையில். பிறகு ஒரு வளைகாப்பில். அக்காவுக்குப் பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. வந்தவர்கள் போகட்டும் அல்லது நான் இங்கிருந்து போக வேண்டும் என்பதற்கு அவனிடம் இருந்த சொல் அதுதான். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் உச்சத்தில் இருக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்று, "எப்போதும், அடிக்கடி, சில நேரம்" என்றான். அக்கா செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு அவனோடு வெளியே வந்துவிட்டாள்.

இப்படித் திருப்பிச் சொல்வதை வெறும் கிளிப்பேச்சு என்று ஒதுக்கி, அதை நிறுத்தப் பயிற்சி கொடுத்தவர்கள் உண்டு. அமெரிக்கப் பேச்சு சிகிச்சையாளர் பேரி பிரிசன்ட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களில் பிள்ளைகளின் எதிரொலிப் பேச்சைப் பதிவு செய்து, எங்கே, எப்போது, எதைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கவனித்தார்கள். கேட்பதற்கு, மறுப்பதற்கு, தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொள்வதற்கு என்று பலவற்றுக்கும் ஒரு வேலை இருந்தது. அக்காவுக்கு அந்தக் கட்டுரைகள் தெரியாது. பக்கத்தில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

தாய்மாரின் மன அழுத்தத்தை அளக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பழியையே அவர்கள் தலையில் போட்டார்கள். இப்போது பாரத்தையாவது கேட்கிறார்களே என்று அக்காவே சொல்வாள். 2012இல் வெளியான கோவா ஆய்வு ஒன்று உண்டு. குடும்பங்களை உட்காரவைத்து விரிவாகப் பேசவிட்டுக் கேட்டது. முதலில் ஊரிலிருந்து ஒதுங்கிக்கொள்வதும், பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வருவதும், டாக்டருக்கும் டீச்சருக்கும் விஷயம் தெரியாததால் அலைவதும் அதில் இருக்கின்றன. ஐந்து கட்டத்தில் டிக் அடித்திருந்தால் அந்தத் 'திரும்பி வருவது' கிடைத்திருக்காது. உங்கள் அம்மாவின் வரன் பயம், உங்கள் 40 கேள்விகளில் எந்தக் கேள்வியில் அகப்படும்?

என்னை அரிக்கிற விஷயம் வேறு. நம் நாட்டில் நடந்த முக்கியமான ஆய்வுகளை எடுத்துப் பாருங்கள். 2016இல் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும், மருத்துவர் அல்லாத பணியாளர்களைப் பயிற்றுவித்துப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 65 பிள்ளைகள், பெற்றோர் பிள்ளையோடு பழகும் விதம் மாறியது, மிக நல்ல ஆய்வு. பிள்ளைகளின் வயது 2 முதல் 9. 2018இல் ஐந்து இடங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக் குறைபாடுகளைக் கணக்கெடுத்தார்கள். அதிலும் வயது 2 முதல் 9. பத்தாவது பிறந்தநாளுக்கு அப்புறம் இவர்கள் எங்கே போகிறார்கள்? மீசை முளைக்கும்போது, சிறப்புப் பள்ளி போதும் என்று அனுப்பிவிடும்போது, 18 ஆனதும் ஒரு வங்கிக் கணக்குக்கே, ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்கான நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் போய்ப் பாதுகாவலர் ஆணை வாங்கி வா என்று அப்பாவை அனுப்பும்போது, அவர்கள் என்ன நினைக்கிறார்கள்? சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்குப் பணம் வருகிறது. 24 வயதுக்காரர் பகல் பொழுதை எப்படிக் கழிக்கிறார் என்று கேட்கத் தமிழ்நாட்டில் யார் படியேறி வருகிறார்கள்? நீங்கள் அந்த வீட்டிலேயே இருக்கிறீர்கள். நீங்களும் கேட்கவில்லை.

பிரிட்டனிலும் ஆட்டிசம் ஆய்வுப் பணத்தில் பாதிக்கு மேல் உயிரியலுக்கும் மூளைக்கும் போனது. 2013இல் அதைக் கணக்குப் பார்த்து வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களையும் வீட்டாரையும் கேட்டபோது, அன்றாட வாழ்க்கைக்கு உதவுவதை ஆராயுங்கள் என்றார்கள். 2016இல் ஆய்வுக்கான முன்னுரிமைப் பட்டியல் போட்டபோது முதலிடத்தில் வந்தது அவர்களுடைய மனநலம்.

அவர்களுக்குச் சொல்லத் தெரியாது என்பீர்கள். டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், அவருக்கே ஆட்டிசம் உண்டு, 2012இல் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும்தான் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் குறை என்று பெயர் வைக்கிறீர்கள்? 2020இல் எடின்பரோவில் நம் பிள்ளைகள் காதோடு காது சொல்லி விளையாடுவதுபோல ஒரு ஆய்வு நடந்தது. எட்டெட்டுப் பேராக ஒரு தகவலைக் கைமாற்றினார்கள். எட்டுப் பேரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசை, ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசைக்குக் கொஞ்சமும் குறையவில்லை. பிறகு பெரிய அளவில் செய்தபோதும் அவர்கள் குறையவில்லை. இவர்கள் பேசத் தெரிந்த பெரியவர்கள், உங்கள் அண்ணன் பேசாதவர், அது எனக்குத் தெரியும். அதனால்தான் வேறு வழிகளில் கேட்கச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான டாக்கிங் மேட்ஸ் என்ற முறை ஒன்று உண்டு. ஒரு விரிப்பு. மேலே பிடிக்கும், பரவாயில்லை, பிடிக்காது என்று மூன்று படங்கள். ஒவ்வொரு படமாகக் கையில் கொடுத்தால் அவர் எதற்குக் கீழே வேண்டுமோ வைப்பார். வெளியிலிருந்து வாங்க வேண்டாம், உங்கள் வீட்டுக் கோரைப்பாய் போதும். உங்கள் வீட்டுப் பாத்ரூமை, மாடிப்படியை, பஸ்ஸை, சித்தப்பாவை, உங்களை போட்டோ எடுத்துக் கொடுங்கள். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியும் படத்தைத் தொட்டால் பேசுவதுதான். அதுவும் முடியாவிட்டால் ஒரு வாரம் அவர் பின்னாலேயே நடந்து, எங்கே நிற்கிறார், எதைத் தள்ளிவிடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்து போனால் அன்றைய கேள்வி முடிந்தது, பின்னாலே போய்க் கெஞ்ச வேண்டாம். ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் ஐந்து பேர் போதும். 60 வேண்டாம். வழிகாட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் கேட்ட ஆய்வேட்டை எழுதிக் கொடுங்கள், இதைத் தனியாகச் செய்யுங்கள். ஆனால் ஒன்று. 60 வீட்டுக்குப் போகும்போது, அந்தப் பிள்ளை கூடத்தில் இருந்தால் கேள்வித்தாளை வெளியே எடுக்காதீர்கள்.

அம்மாவோடு சண்டை வேண்டாம். ஊர் என்ன பேசும் என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், 19 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெயரும் ஊரும் வராது என்று சொல்லுங்கள், எழுதியதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒருவேளை அவர் திருத்துவார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூல் பட்டியலை உங்கள் மின்னஞ்சலுக்குத் தனியாக அனுப்புகிறேன். பதில் எழுதும்போது அண்ணன் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை என்ன செய்கிறார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அப்புறம், கடிதத்தில் அவர் பெயரை நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. அதையும் எழுதுங்கள். வெளியிட மாட்டேன்.